காட்டுவதற்கென்று ஒரு தீவு

வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு விடுமுறையில் சென்று திரும்புகிறவர்களின் படங்கள், அவர்கள் சென்ற தீவு எதுவாக இருந்தாலும், பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கின்றன: கடலை நோக்கிச் சாய்ந்த தென்னை, நீலமும் பச்சையும் கலந்த ஆழமில்லா நீர், வெண்மணல், கழுத்தில் பூமாலை, அடையும் சூரியனுக்கு முன்னால் கருநிழலாக நிற்கும் இருவர். தீவுகளுக்குள் மண்ணும் மொழியும் வரலாறும் எவ்வளவோ வேறுபட்டிருக்க, படங்கள் மட்டும் ஒத்துப்போவதற்குக் காரணம், ஊரில் உட்கார்ந்து அவற்றைப் பார்க்கப்போகிறவர்கள் எதைத் தீவு என்று ஏற்றுக்கொள்வார்கள் என்ற கணக்கு, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே எடுப்பவர் மனத்தில் ஓடி முடிந்துவிடுவதுதான். விடுமுறைப் படம் எடுப்பவருடையது என்பதைவிடப் பார்ப்பவருடையது என்று சொல்வதே பொருந்தும்.

இந்தக் கணக்கு எப்படி உருவாகி, எப்படி ஒரு நிலப்பரப்பையே தனக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டது என்பதை ஹவாய் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு. பசிபிக் பெருங்கடலின் நடுவே, கலிஃபோர்னியக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தீவுக்கூட்டம் 1893 வரை தனி முடியரசாக இருந்தது. அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்க வணிகர்களும் கரும்புத் தோட்ட நலன்களைச் சார்ந்தவர்களும் சேர்ந்து லிலியுஒகலானி அரசியைப் பதவியிலிருந்து இறக்க, 1898இல் அது அமெரிக்காவோடு இணைக்கப்பட்டு, 1959இல் அந்நாட்டின் ஐம்பதாவது மாநிலமாயிற்று. இணைப்பு நடந்த அதே 1898இல்தான் தனியார் அச்சிடும் அஞ்சலட்டைகளை ஒரு சென்ட் கட்டணத்தில் அனுப்பலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயல்தான். ஆனால் புதிதாகக் கைக்கு வந்த தீவுகளை அமெரிக்கப் பொதுமக்கள் பலர் கண்டது அந்த அட்டைகளின் வழியாகத்தான்.

அக்கால அஞ்சலட்டையின் அமைப்பு கவனிக்கத்தக்கது. 1907 வரை அமெரிக்காவில் அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது என்பதால், அனுப்புபவர் சொல்ல விரும்பிய நலச்செய்தியைப் படத்தின் ஓரத்திலோ வானத்தின் மீதோ நெருக்கி எழுத வேண்டியிருந்தது. அவ்வாண்டு முதல்தான் பின்பக்கத்தை ஒரு கோட்டால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் செய்தியும் மறுபாதியில் முகவரியும் எழுதும் முறைக்கு அனுமதி கிடைத்து, படம் எழுத்தின் குறுக்கீடு இன்றி முழுப்பக்கத்தையும் பிடித்துக்கொண்டது. படங்களோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவை. அச்சுத் தொழிலில் அன்று முன்னணியில் நின்ற ஜெர்மனி போன்ற நாடுகளின் அச்சகங்களில், அந்தக் கடலை ஒருநாளும் கண்டிராத தொழிலாளர்கள்கூட அவற்றுக்கு நிறம் ஏற்றினார்கள். வெப்பமண்டலக் கடல் என்றதும் இன்று மனத்தில் எழும் அந்த நீலத்தில் ஒரு பங்கு அச்சக மையிலிருந்து வந்தது என்றால் மிகையாகாது.

பயணி தானே படம் எடுக்கத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடாக் கேமரா 1888இல் 25 டாலர் விலைக்கு வந்தது. நூறு படங்களுக்கான ஃபிலிம் சுருள் உள்ளே வைத்தே விற்கப்பட்ட அந்தப் பெட்டியை, படங்கள் தீர்ந்ததும் ராச்செஸ்டர் நகரிலிருந்த தொழிற்சாலைக்கு அப்படியே அனுப்பிவிட்டால், படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் ஒரு டாலருக்கு வந்த பிரௌனி கேமரா சிறுவர் கைக்கும் எட்டியது. கருவி கைக்கு வந்த பிறகு ஒவ்வொரு பயணியும் தன் கண்ணுக்குப் பட்டதை விதம்விதமாக எடுத்திருக்கலாம், நடந்ததோ வேறு. அட்டையில் ஏற்கெனவே பார்த்த காட்சியைத் தேடிப்போய், அதே கோணத்தில், தன் குடும்பத்தை முன்னால் நிறுத்தி மறுபடியும் எடுப்பதே வழக்கமாயிற்று. சுற்றுலாவைப் பற்றி 1990இல் நூல் எழுதிய பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜான் அரி இதை ஒரு வட்டமாக விளக்கினார்: விளம்பரத்திலும் அட்டையிலும் கண்ட படத்தை நாடிச் செல்லும் பயணி, அதே படத்தைத் தானும் எடுத்துவந்து, தான் அங்கே போனதற்குச் சான்றாகப் பிறருக்குக் காட்டுகிறான், அதைப் பார்ப்பவர் அடுத்த பயணி ஆகிறார்.

வட்டம் சுழலத் தொடங்கியபின் தீவும் அதற்கு இசைந்து மாற வேண்டியிருந்தது. ஓவாஹூ தீவின் வைகீக்கி இன்று உலகின் பெயர்பெற்ற கடற்கரைகளில் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அதன் பின்புறம் முழுவதும் நன்செய் நிலம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் அங்கே பரந்து நின்றதால், ஹவாய் மக்கள் டாரோ என்னும் சேம்பு வகையையும், பின்னர் வந்த சீனக் குடியேறிகள் நெல்லையும் பயிரிட்டார்கள். வாத்து வளர்க்கும் குளங்களும் இருந்தன. 1921க்கும் 1928க்கும் இடையில் ஆலா வாய் என்ற கால்வாயை வெட்டி அந்த நீரைத் திருப்பிவிட்டு, வயல்களைத் தூர்த்து, மனையாக்கினார்கள். கரையோரம் சுவர் எழுப்பியதால் அலை அரித்துச் சென்ற மணலுக்கு ஈடாக வேறு இடங்களிலிருந்து மணல் கொண்டுவந்து பல முறை கொட்டினார்கள். ஆக, படத்தில் இயற்கையின் கொடையாகத் தெரியும் அந்த வெண்மணல் விளிம்பு பெருமளவு பராமரிப்பு வேலையின் விளைவு.

1927இல் இளஞ்சிவப்பு நிறத்தில் எழுந்த ராயல் ஹவாயியன் ஹோட்டலுக்கு விருந்தினரைக் கொண்டுவந்தவை மேட்சன் நிறுவனத்தின் வெள்ளைக் கப்பல்கள். சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஐந்து நாள் அளவில் ஹோனலூலூ துறைமுகத்தை அடையும் கப்பலை வரவேற்க வாத்தியக் குழு முழங்கும். நீரில் எறியும் காசை மூழ்கி எடுக்கும் சிறுவர்கள் சூழ்வார்கள். லெய் எனப்படும் பூமாலைகளைக் கையில் வரிசையாகத் தொங்கவிட்ட பெண்கள் கரையில் நிற்பார்கள். ஊர் திரும்பும்போது டைமண்ட் ஹெட் மலைமுனை அருகே மாலையைக் கடலில் வீசினால், அது கரைக்கு மிதந்து சென்றால் பயணி மறுபடி வருவார் என்றொரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. அந்த மாலைகளில் அதிகம் காணப்படும் பூ தமிழ்நாட்டுக் கோயில் வளாகங்களில் உதிர்ந்து கிடக்கும் ஈழத்தலரிதான். அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த அந்த மரம் ஹவாய்க்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். உகுலேலே என்ற நான்கு நரம்பு இசைக்கருவியோ 1879இல் வந்த போர்த்துகீசியக் குடியேறிகள் கொண்டுவந்த கருவியிலிருந்து உருவானது. தீவின் தொன்மையைக் காட்டுவதாகப் பயணிகள் படம்பிடிக்கும் பொருள்களில் பாதி இப்படிக் கப்பலேறி வந்தவையே.

பார்ப்பவருக்காகக் காட்சியைப் படைக்கும் இந்தப் போக்கு தன் உச்சத்தை எட்டியது 1937இல் தொடங்கிய கோடாக் ஹூலா நிகழ்ச்சியில். ஹூலா என்பது ஹவாய் மக்களின் நடனம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம் என்றாலும், அதன் உயிர் மெலெ எனப்படும் பாடலில் இருக்கிறது. அரச வம்சங்களின் வழிமுறை, தெய்வங்களின் கதை, ஒரு குறிப்பிட்ட மலையில் பெய்யும் குறிப்பிட்ட மழையின் பெயர் ஆகியவற்றைச் சொல்லும் பாடலுக்கு, ஆடுபவரின் கைகள் பொருள் கூறுகின்றன. கிறிஸ்தவம் தழுவிய அரச குடும்பத்தைச் சேர்ந்த காஅஹுமனு 1830இல் பொது இடங்களில் அதைத் தடைசெய்தார். கலாகாவா மன்னர் 1883இல் தம் முடிசூட்டு விழாவிலேயே ஆடச்செய்து அதற்கு மீண்டும் மதிப்பளித்தார். பயணிகள் வரத்தொடங்கிய காலத்தில் ஹோட்டல்களில் இது இரவு விருந்தின் ஒரு பகுதியாக ஆகியிருந்தது. அங்கேதான் சிக்கல் எழுந்தது.

இரவில் படம் எடுக்க முடியவில்லை. 1935இல் திரைப்படச் சுருளாகவும் அடுத்த ஆண்டு சாதாரணக் கேமராவுக்கும் வந்த கோடக்ரோம் என்ற வண்ண ஃபிலிமின் ஒளியுணர்திறன், இன்றைய அளவுகோலில் சொன்னால், 10 அளவில்தான் இருந்தது. இன்றைய கைப்பேசி இருட்டில் இதை ஆயிரக்கணக்கில் உயர்த்திக்கொள்கிறது. தீவட்டி வெளிச்சத்தில் அந்த ஃபிலிமில் ஏதாவது பதிய வேண்டுமானால் கேமராவின் கண்ணைப் பல நொடிகள் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் ஆடுபவரின் கை எங்கெங்கோ சென்றுவிடும், படத்தில் மங்கலான தீற்றல்தான் மிஞ்சும். கோடாக் நிறுவனத்தின் ஹவாய்க் கிளைப் பொறுப்பாளர் ஃபிரிட்ஸ் ஹெர்மன் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது: நடனத்தைப் பகலுக்கு மாற்றிவிடுவது. வைகீக்கியின் ஒரு கோடியில், கட்டணம் ஏதும் இன்றி, காலை வெயிலில் நிகழ்ச்சி நடந்தது. சூரியன் பார்வையாளரின் முதுகுக்குப் பின்னாலும் ஆடுபவரின் முகத்துக்கு நேராகவும் இருக்கும்படி இருக்கைகள் போடப்பட்டன. நிகழ்ச்சியின் ஒரு கட்டத்தில் ஆடுபவர்கள் ஆளுக்கோர் எழுத்தாக உயர்த்திப் பிடித்து ஹவாய் என்ற பெயரைக் காட்டுவார்கள். எந்த ஊரில் எடுத்த படம் என்று பின்னால் எழுதிவைக்கும் வேலைகூடப் பயணிக்கு மிச்சம். ஃபிலிம் விற்கும் நிறுவனம் ஒன்று, ஃபிலிமின் குறைபாட்டுக்கு ஏற்ப ஒரு மக்களின் நடனத்தினுடைய நேரத்தையும் இடத்தையும் மாற்றியமைத்தது என்று இதைக் கடுமையாகவும் சொல்லலாம். அறுபத்தைந்து ஆண்டுகள் உள்ளூர்ப் பாடகருக்கும் ஆடற்பெண்டிருக்கும் நிலையான வேலை கொடுத்தது என்று தாராளமாகவும் சொல்லலாம். இரண்டும் உண்மை. 2002 செப்டம்பரில் நிகழ்ச்சி நின்றபோது அதில் பல பத்தாண்டுகள் ஆடியவர்கள் கண்ணீர் விட்டார்கள் என்றால் வியப்பதற்கில்லை. அதற்கு வெகுமுன்பே, 1971 முதல், ஹீலோ நகரில் கலாகாவா மன்னரின் நினைவாக நடக்கும் விழாவில் ஹூலா போட்டி தொடங்கி, கேமராவைப் பொருட்படுத்தாத மற்றொரு மரபு வலுப்பெற்றிருந்தது.

எடுத்த படங்கள் ஊருக்கு வந்தபின் என்ன ஆயின என்பது இன்னும் சுவையான கதை. கோடக்ரோம் சுருளிலிருந்து கிடைப்பது தாளில் அச்சிட்ட படம் அன்று. ஒளி ஊடுருவும் சிறு ஃபிலிம் துண்டுகளை இரண்டு அங்குலச் சதுர அட்டைச் சட்டத்தில் பொருத்தி, சிறிய பெட்டியில் தபாலில் அனுப்புவார்கள். இதுவே ஸ்லைடு. ஒளிபாய்ச்சித் திரையில் விழச்செய்தால்தான் எல்லோரும் காண முடியும் என்பதால், படத்தைப் பகிர்வதற்கு ஒரு மாலைப்பொழுதும், இருட்டிய அறையும், உறவினரும் அண்டை வீட்டாரும் வேண்டியிருந்தன. 1961இல் வந்த கோடாக் கேரசல் புரொஜெக்டரின் வட்டத் தட்டில் எண்பது ஸ்லைடுகள் அடங்கும். ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராக விழும். ஒன்றைத் தவறிச் செருகிவிட்டால் டைமண்ட் ஹெட் மலை வானத்திலிருந்து தொங்கும், கூடத்தில் சிரிப்பு எழும். பொத்தானை அழுத்தியதும் தட்டு ஒரு பல் நகர்ந்து, முந்தைய ஸ்லைடு மேலேறி, அடுத்தது கீழே விழும் அந்த ‘கிளிக்’ ஓசைக்கும் அடுத்த படத்துக்கும் இடைப்பட்ட கணத்தில் திரை இருண்டுவிடும். அந்த இருட்டில்தான் கேள்விகள் பிறக்கும். ஓரத்தில் நிற்பவர் யார், அந்தப் பழத்தின் சுவை எப்படி, அன்று மழை பெய்ததா என்று யாராவது கேட்க, படத்தில் இல்லாதவையும் பேச்சில் வெளிவரும். அமெரிக்கக் குடும்பங்களில் இந்த ஸ்லைடு மாலைகள் சலிப்புக்குப் பெயர்பெற்றவை என்பதும், விருந்துக்கு அழைத்துவிட்டு எண்பது படங்களைக் காட்டுபவரைப் பற்றிய நகைச்சுவைகள் ஏராளம் என்பதும் மறுப்பதற்கில்லை. ஆயினும் சலிப்படைந்தவரும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் கொட்டாவி விடுவது காட்டுபவருக்குத் தெரிந்தது.

கோடக்ரோமுக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு: இருட்டில் பெட்டியில் கிடந்தால் அதன் நிறங்கள் பல பத்தாண்டுகள் மங்குவதில்லை, புரொஜெக்டரின் வெளிச்சத்தில் காட்டக் காட்டத்தான் வெளிறுகின்றன. அதிகம் விரும்பிக் காட்டப்பட்ட படங்களே முதலில் கெட்டுப்போயின. இன்று பழைய பொருள் சந்தைகளில் கிடைக்கும் ஹவாய் ஸ்லைடுகளில் புத்தம்புதிதாக மின்னுபவை, ஒருகால் யாரும் பார்க்க விரும்பாதவையாக இருக்கலாம்.

1959இல் ஜெட் விமானம் ஹோனலூலூவை எட்டியபின் கப்பல் வரவேற்புகள் தேய்ந்தன. அவ்வாண்டு ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த பயணிகளின் எண்ணிக்கை 1967இல் பத்து லட்சத்தைத் தாண்டி, 2019இல் ஒரு கோடிக்கும் மேலாயிற்று. அத்தீவுகளில் வாழ்வோர் பதினான்கு லட்சம் பேர்தான். இவ்வளவு பேர் எடுத்தும் படங்களின் எல்லை விரிந்ததாகத் தெரியவில்லை. எடுத்துக்காட்டாக, கவாயி தீவில் 1970இல் நிறுவப்பட்ட சைவ ஆதீனம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற அமெரிக்கத் துறவி சிவாய சுப்பிரமுனியசுவாமி தொடங்கிய அந்த மடத்தில், பெங்களூர் அருகே சிற்பிகள் உளியால் செதுக்கிய கருங்கற்களைக் கப்பலில் கொண்டுசென்று அடுக்கி எழுப்பிய சோழர் பாணி இறைவன் கோயிலுக்கு 2023இல் குடமுழுக்கு நடந்தது. அரிய காட்சி அது; ஆனாலும் ஹவாயின் விடுமுறை ஆல்பங்களில் அது இடம்பெறுவது அரிது, ஏனெனில் பார்ப்பவர் எதிர்பார்க்கும் ஹவாய்க்குள் கருங்கல் விமானம் அடங்குவதில்லை.

கைப்பேசி வந்தபின் ஏற்பட்ட மாற்றம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஸ்லைடு மாலைக்கும் பயணத்துக்கும் நடுவே சில வாரங்கள் இருந்தன. இப்போது கால் இன்னும் மணலில் இருக்கும்போதே படம் ஊர்போய்ச் சேர்ந்து, அதற்கான விருப்பக் குறிகளும் திரும்பி வந்துவிடுகின்றன. பார்ப்பவர் பயணத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டார். இது நினைவை என்ன செய்கிறது என்று உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஹென்கல், மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்குள் அழைத்துச்சென்று, சில பொருள்களைப் பார்க்க மட்டும், சிலவற்றைப் படம் எடுக்கவும் சொல்லி, மறுநாள் கேள்வி கேட்டார். 2014இல் வெளியான அவரது ஆய்வின்படி, முழுமையாகப் படம் எடுத்த பொருள்கள் வெறுமனே பார்த்தவற்றைவிடக் குறைவாகவே நினைவில் நின்றன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் பொறுப்பைக் கைமாற்றிவிடுகிறது போலும். ஆனால் ஒரு பொருளின் குறிப்பிட்ட பகுதியை நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. அலிக்ஸாண்ட்ரா பராஷ் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு முடிவைச் சொன்னது: எதை எடுப்பது என்று தாமே தேர்ந்து படம் எடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாகவும், காதால் கேட்டது குறைவாகவும் நினைவில் நின்றது. அதே ஆய்வாளர்களில் சிலர் மறு ஆண்டு வெளியிட்ட கட்டுரையின் முடிவு இன்னும் நேரடியானது. தனக்கென்று வைத்துக்கொள்ள எடுப்பவரைவிட, சமூக ஊடகத்தில் பகிர எடுப்பவர் அந்த அனுபவத்தைக் குறைவாகவே ரசிக்கிறார். பிறர் கண்ணில் தான் எப்படித் தெரிவோம் என்ற கவலை நடுவில் நுழைந்துவிடுவதே காரணம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், படம் எடுப்பது நினைவுக்குக் கேடு என்ற பொதுவான புலம்பலுக்கு முழு ஆதாரம் இல்லை. எதை உற்றுநோக்கி, யாருக்காக எடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு விளைகிறது.

அந்த வேறுபாடு தீவுக்கும் விளைகிறது. ஓவாஹூவில் இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் வானொலி நிலையத்துக்காக மலைமுகட்டில் அமைக்கப்பட்ட ஹாய்க்கூ படிக்கட்டு, 3,922 படிகளோடு மேகத்துக்குள் ஏறிச்செல்லும் காட்சிக்காகவே உலகப் புகழ் பெற்றது. 1987இலேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தும், படம் பகிரப்படப் பகிரப்பட, விடியுமுன் வீட்டுத் தோட்டங்கள் வழியாக அத்துமீறி ஏறுவோர் கூடினர். அடிவாரத்தில் குடியிருப்பவர்களின் முறையீடும், மீட்புப் பணியின் சுமையும் பெருக, நகர மன்றம் 2021இல் அகற்ற முடிவுசெய்து, 2024இல் பணி தொடங்கியது. உலகில் ஏறத்தாழ 1,600 மட்டுமே எஞ்சியுள்ள ஹவாய்த் துறவிச் சீல் என்னும் கடல் விலங்கு, மணலில் ஏறி உறங்கும் பழக்கமுடையது. அதனிடமிருந்து ஐம்பது அடியாவது விலகி நிற்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. 2021இல் தேனிலவுக்கு வந்த பெண் ஒருவர் அதைத் தொட்ட காட்சி இணையத்தில் பரவியபோது அபராதம் விதிக்கப்பட்டது. குற்றத்துக்கான சான்றைக் குற்றம் செய்த தரப்பே உலகுக்கு அனுப்பி வைத்திருந்தது.

நல்ல படம் எடுப்பது பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெப்பமண்டலத்துக்கே உரிய இரண்டொரு தொல்லைகளை அறிந்திருந்தால் போதும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்த கேமராவின் கண்ணாடியில் ஈரக்காற்று படிந்து பனித்துவிடும். துடைப்பதைவிடக் கால் மணி நேரம் காத்திருப்பது மேல். ஒளியளக்கும் கருவி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதுவதால், வெண்மணல் நிறைந்த காட்சியைத் தேவைக்கு மேல் இருட்டாக்கிவிடும். ஒளியளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். நண்பகல் வெயில் தலைக்கு நேர்மேலே நிற்பதால் தொப்பிக்குக் கீழே முகம் கறுத்துப்போகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நிழலில்லா நாள் என்று கொண்டாடப்படும் நிகழ்வு ஹோனலூலூவிலும் மே மாத இறுதியிலும் ஜூலை நடுவிலுமாக ஆண்டுக்கு இரு முறை நேர்கிறது. கம்பங்கள் நிழலின்றி நிற்கும் அன்றைய படங்கள், ஒட்டவைத்த பொம்மைகள் போல விசித்திரமாகத் தோன்றும். எடுத்தபின் செய்ய வேண்டியதுதான் பலரும் செய்யாதது: படத்தோடு தானாகப் பதியும் நாள், நேரம், இடம் ஆகிய துணைத்தகவல், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது நீங்கிவிடுகிறது, படமும் சுருக்கப்படுகிறது, கோப்பாக அனுப்பினால் இரண்டும் தப்பும். படத்தில் இருப்பவர் யார் என்பதை நாம் சொல்லித்தராமல் எந்தக் கருவியும் தானாக எழுதிவைப்பதில்லை. அதை உடனுக்குடன் எழுதாவிட்டால், ஒரு தலைமுறைக்குப் பின் ஆல்பம் அந்நியர்களின் கூட்டமாகிவிடும்.

துணைத்தகவலின் அருமை 2023இல் வெளிப்பட்டது. மாவி தீவின் லஹாய்னா, ஹவாய் அரசின் முன்னாள் தலைநகர். மரக்கட்டடங்கள் வரிசையாக நின்ற அதன் கடற்கரைத் தெருவும், 1873இல் இந்தியாவிலிருந்து வந்த எட்டடிக் கன்றாக நடப்பட்டு பெரும் பரப்புக்கு விழுது பரப்பிய ஆலமரமும் பயணிகள் தவறாமல் படம் எடுத்த இடங்கள். 2023 ஆகஸ்டு 8 அன்று காய்ந்த புல்வெளியில் பற்றிய தீயைப் புயல்காற்று ஊருக்குள் தள்ள, நூற்றுவருக்கு மேல் இறந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. வீட்டோடு குடும்ப ஆல்பங்களும் சாம்பலாயின. கருகிய ஆலமரம் சில வாரங்களில் துளிர்த்தது, தெரு திரும்பவில்லை. உலகெங்கும் சிதறிய விடுமுறை ஆல்பங்களில், சிரித்து நிற்கும் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால், அந்தத் தெருவின் பெயர்ப்பலகைகளும் மாடங்களும் பதிந்திருக்கின்றன. எடுத்தவர் பொருட்படுத்தாத பின்னணி, ஊரை இழந்தவருக்கு முன்னணியாகிவிட்டது. அது எந்த ஆண்டின் தெரு என்பதைச் சொல்ல நாளும் இடமும் குறித்த படத்தால்தான் முடியும்.

மாவியின் கடலிலும் இதே போன்ற ஒன்று நடந்துவருகிறது, அங்கே தற்செயலாக இல்லாமல் திட்டமிட்டே. அலாஸ்கா அருகே கோடையைக் கழிக்கும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீந்தி, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஹவாயில் ஈன்று வளர்க்கின்றன. ஆழத்துக்கு மூழ்கும் கணத்தில் அவை உயர்த்தும் வாலின் அடிப்புறத்தில் உள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகள் ஒன்றுக்கிருப்பது போல் மற்றொன்றுக்கு இருப்பதில்லை. படகிலிருந்து பயணிகள் எடுக்கும் வால்படங்களை நாளும் இடமும் சேர்த்துப் பெற்றுக்கொண்டு, கணினியால் ஒப்பிட்டு இன்ன திமிங்கிலம் என்று அடையாளம் காணும் ஹேப்பிவேல் என்ற திட்டம் 2015இல் தொடங்கியது. அதில் சேர்ந்த படங்களைக் கொண்டு அறிவியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, வட பசிபிக்கின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் 2012க்கும் 2021க்கும் இடையில் 20 விழுக்காடும், ஹவாய்க்கு வருபவை 2013க்கும் 2021க்கும் இடையில் 34 விழுக்காடும் குறைந்திருப்பதைக் கண்டது. 2014 முதல் 2016 வரை அக்கடலில் நிலவிய கடும் வெப்பமும் அதனால் அருகிய இரையுமே முதன்மையான காரணம் என்று அது கருதுகிறது. படம் அனுப்பியவர் முகம் அதில் இருக்க வேண்டியதில்லை, வானமும் தென்னையும் வேண்டியதில்லை. வாலின் அடிப்புறம் நேராகத் தெரிந்தால் போதும். அந்தத் திமிங்கிலம் பிறகு அலாஸ்காவிலோ கனடாவிலோ வேறொருவர் கண்ணில் படும்போது, முதலில் படம் எடுத்தவருக்கு அது இருக்கும் இடத்தைத் தெரிவித்து ஒரு மின்னஞ்சல் வருகிறது.